தாய் ஓட்டிய மகிழுந்து

உரைநடை உலகம்

நுழையும்முன்

மாரத்தான் என்னும் நெடுந்தொலைவு ஓட்டத்தின் அளவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இத்தொலைவை ஒருவர் தம் கால்களால் தனித்தே கடக்கிறார் என்பது வெளித்தோற்றம். அவருக்கு முந்தைய நாள் உணவிட்டவர், தொடக்கக் கோடுவரை அழைத்துச் சென்றவர், அச்சத்தால் 'வேண்டாம்' என்று தடுத்தவர் ஆகியோரும் அந்த ஓட்டத்தில் பங்குடையவர்களே. பாஸ்டன் மாரத்தானை முதன்முதலில் ஓடி முடித்த பெண்ணின் வரலாற்றில் அத்தகைய இருவர் உண்டு. அவர்கள் அவருடைய தாயும் தந்தையும் ஆவர்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் 1897ஆம் ஆண்டு முதல் மாரத்தான் ஓட்டம் நடைபெற்று வருகிறது. நாட்டுப்பற்றாளர் நாள் என்னும் மாநில விடுமுறை நாளில், ஏப்ரல் மாதத்தில், ஹாப்கின்டன் என்னும் சிற்றூரில் தொடங்கும் ஓட்டம் பல ஊர்களைக் கடந்து பாஸ்டன் நகரின் நடுவே முடியும். வழிநெடுக மக்கள் சாலையின் இருபுறமும் நின்று ஓடுவோரை ஊக்குவிப்பர். குழந்தைகளைத் தோளில் சுமந்து நிற்கும் தந்தையரை இன்றும் அங்குக் காணலாம். ஏறுதழுவுதலைக் காணத் திரளும் நம் ஊர்க் கூட்டத்தைப் போல, அப்பகுதி மக்களுக்கு அது ஒரு குடும்ப விழா.

1964ஆம் ஆண்டு அவ்வாறு சாலையோரம் நின்றவர்களுள் ஒரு தந்தையும் மகளும் இருந்தனர். தந்தை டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். மகள் பாபி கிப் என அழைக்கப்பட்ட ராபர்ட்டா கிப். 1942ஆம் ஆண்டு பிறந்த அவர், பாஸ்டனை அடுத்த வின்செஸ்டர் என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே நாய்களுடன் காட்டுவழிகளில் ஓடித் திரிவதில் அவருக்குப் பெருவிருப்பம். சிறுமியர் ஓடுவதைக் குறைகூறுவார் இல்லை. ஆனால், வளர்ந்த பெண்ணொருத்தி காரணமின்றிச் சாலையில் ஓடினால் அக்கால அமெரிக்கச் சமுதாயம் அவளை வியப்புடனும் ஐயத்துடனும் நோக்கியது.

அன்று தம் முன்னே ஓடிச் சென்றவர்களைக் கண்ட கிப்பின் மனத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. ஓடியவர்கள் அனைவரும் ஆண்கள் என்பது அப்பொழுது தமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறியுள்ளார். அவர் கண்டது ஓட்டத்தை. ஓடுவோரின் பால் வேறுபாட்டை அன்று. தாமும் இவ்வாறு ஓட வேண்டும் என்று அவர் உறுதிகொண்டார். மகளுக்கு அந்தப் பந்தயத்தைக் காட்டியவர் தந்தையே என்பது இங்குக் கருதத்தக்கது. அதே தந்தைதான் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதனை வன்மையாக எதிர்க்கப் போகிறார்.

ஆசானில்லாப் பயிற்சி

கிப்புக்குப் பயிற்றுநர் எவரும் இல்லை. வழிகாட்டும் நூலும் இல்லை. ஒரு வாரத்தில் எவ்வளவு தொலைவு ஓட வேண்டும், எப்பொழுது ஓய்வு கொள்ள வேண்டும் என்பனவற்றை அவர் தம் உடலிடமே கேட்டறிந்தார். பெண்களுக்கென ஓட்டக் காலணிகள் விற்கப்படாத காலம் அது. எனவே, செவிலியர் அணியும் வெண்ணிறத் தோல் காலணிகளை அணிந்து ஓடினார். பாஸ்டனில் உள்ள கலைப்பள்ளிக்கு நண்பரின் இருசக்கர வண்டியில் சென்று, அங்கிருந்து வீட்டிற்கு ஓடியே திரும்புவதும் உண்டு.

1964ஆம் ஆண்டுக் கோடையில் கிப் தம் நாய்க்குட்டியுடன் ஒரு ஃபோக்ஸ்வாகன் வண்டியில் அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையிலிருந்து மேல்கரைவரை பயணம் செய்தார். நாள்தோறும் ஒரு புதிய நிலத்தில் ஓடினார். புல்வெளி, மலை, கடற்கரை என நிலம் மாற மாற ஓட்டமும் நீண்டது. இரவில் திறந்த வானத்தின்கீழ் உறங்கினார். இதனைப் பயிற்சி என்று கூறுவதைவிட வழிபாடு என்று கூறுவது பொருந்தும். ஓடும்பொழுது தாம் இயற்கையோடு ஒன்றுவதாக அவர் உணர்ந்தார்.

மறு ஆண்டு வெர்மான்ட் மாநிலத்தின் வுட்ஸ்டாக் என்னும் ஊரில் குதிரைகளுக்கான 100 மைல் நெடும்பயண நிகழ்வு ஒன்று நடந்தது. குதிரைகள் சென்ற அவ்வழியில் கிப் கால்நடையாக ஓடினார். முதல் நாள் 40 மைல். மறுநாள் 25 மைல். அதற்குமேல் முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை. மாரத்தானின் தொலைவு ஏறத்தாழ 26 மைல்தான் என்பதை எண்ணினால், 1966ஆம் ஆண்டு அவர் பாஸ்டனுக்கு விண்ணப்பித்தபோது எத்தகைய ஆயத்தத்துடன் இருந்தார் என்பது விளங்கும்.

மறுப்பு மடல்

அதற்குள் கிப்புக்குத் திருமணம் நிகழ்ந்திருந்தது. கணவர் கடற்படையில் பணிபுரிந்ததால், அவர்கள் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் வாழ்ந்தனர். 1966 பிப்ரவரியில் அங்கிருந்தே கிப் பாஸ்டன் மாரத்தானுக்கான விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு எழுதினார். பந்தய இயக்குநர் வில் க்ளோனியிடமிருந்து மறுமொழி வந்தது. அத்துணைத் தொலைவு ஓடும் உடலமைப்பு பெண்களுக்கு இல்லை. விதிகளும் அதற்கு இடமளிப்பதில்லை என்பது அதன் சாரம்.

அம்மடல் ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் எழுதப்பட்டதன்று. அக்காலத்தில் அமெரிக்கத் தடகளத்தை ஆட்சி செய்த பயில்முறை விளையாட்டு ஒன்றியம், பெண்கள் போட்டியாக ஓடத்தக்க பெருந்தொலைவு ஒன்றரை மைல் என வரையறுத்திருந்தது. ஒலிம்பிக்கிலோ அதுவும் இல்லை. பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 800 மீட்டரே. அந்த 800 மீட்டருக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக அத்தொலைவை ஓடினர். ஓடி முடித்த பெண்கள் களைத்து வீழ்ந்தனர் என நாளிதழ்கள் எழுதின. ஓடி முடித்தவர் களைப்பது ஆண்களுக்கும் இயல்புதானே என்று கேட்பார் இல்லை. அச்செய்திகள் பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை எனப் பின்னாளில் தெளிவாயிற்று. ஆயினும், அவற்றை நம்பிப் பெண்களின் 800 மீட்டர் ஓட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கினர். 1960ஆம் ஆண்டுவரை அது திரும்பவில்லை. நாளிதழின் ஒரு பத்தி, ஒரு தலைமுறை ஓட்டக்காரிகளின் வழியை அடைத்தது.

இந்நிலையில் கிப் பெற்ற மடலில் ஒரு தருக்கப்பிழை மறைந்திருந்தது. பெண்களால் இயலாது என்பதற்குச் சான்று கேட்டால், எந்தப் பெண்ணும் ஓடியதில்லை என்பர். ஏன் ஓடியதில்லை என்று கேட்டால், இயலாது என்பதால் இசைவு தருவதில்லை என்பர். இந்த வட்டத்தைச் சொற்களால் உடைக்க இயலாது. ஒரு பெண் ஓடிக் காட்டுவதே அதற்குரிய விடை.

தெரிந்து தெளிவோம்

1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடந்த முதல் தற்கால ஒலிம்பிக்கின் மாரத்தானில் ஓட ஸ்டமாட்டா ரெவிதி என்னும் ஏழைப்பெண் முயன்றார். அவருக்கு இசைவு கிட்டவில்லை. ஆண்களின் ஓட்டம் முடிந்த மறுநாள், அதே தொலைவை அவர் தனியே ஓடினார். தாம் புறப்பட்ட நேரத்திற்கும் சென்றடைந்த நேரத்திற்கும் கண்டோரிடம் கையொப்பம் பெற்றார். விளையாட்டரங்கினுள் நுழைய மட்டும் அவருக்கு வழி திறக்கப்படவில்லை. கைக்குழந்தையுடன் வாழ்ந்த அப்பெண்ணின் பிற்கால வாழ்வு குறித்த செய்திகள் கிடைக்கவில்லை.

வீட்டு வாயிலில் ஒரு மறுப்பு

விண்ணப்பம் மறுக்கப்பட்டபோதும் கிப் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. சான் டியாகோவில் பேருந்தில் ஏறினார். அந்நாட்டின் குறுக்கே பல பகல்களையும் இரவுகளையும் பேருந்து இருக்கையிலேயே கழித்து, ஓட்டத்திற்கு முந்தைய நாள் பெற்றோரின் இல்லத்தை அடைந்தார். இன்றைய ஓட்டக்காரர் எவரும் பெரும்பந்தயத்திற்கு முன் செய்யத் துணியாத செயல் அது. கால்களை நீட்ட இடமின்றி, உரிய நேரத்தில் உணவும் உறக்கமும் இன்றி வந்த உடல், மறுநாள் 26 மைல் ஓட வேண்டியிருந்தது.

தாம் வந்த நோக்கத்தை அவர் பெற்றோரிடம் கூறினார். தந்தை நம்ப மறுத்தார். மகளின் மனநிலை பிறழ்ந்துவிட்டதோ என்றுகூட ஐயுற்றார். உடல் தாங்காது, உயிருக்கே கேடு நேரும் என்று அவர் அஞ்சினார். அச்சம் சினமாக வெளிப்பட்டது. அறிவியல் கற்ற பேராசிரியர் இவ்வாறு கருதலாமா என்று இன்று வினவுவது எளிது. ஆனால், அந்நாளில் மருத்துவர்களும் விளையாட்டு வல்லுநர்களும் கூறிவந்த கருத்தையே அவர் தம் மகளுக்குப் பொருத்திப் பார்த்தார். மகள் மலைகளையும் புல்வெளிகளையும் கடந்து ஓடிய நாள்களை அவர் உடனிருந்து கண்டவர் அல்லர். தந்தையின் சினத்தில் கொடுமை இல்லை. அறியாமையும் பாசமும் கலந்திருந்தன. அன்பின் காரணமாகத் தடுப்பவரை எதிர்ப்பது, பகைவரை எதிர்ப்பதைவிடக் கடினம்.

தாய்க்கும் முதலில் அதே அச்சந்தான். அவர் தம் காலத்துப் பெண்களைப் போல இல்லத்தின் எல்லைக்குள் வாழ்ந்தவர். மகளும் அவ்வாறே வாழ்வாள் என எதிர்பார்த்தவர். மகளின் ஓட்டவேட்கை அவருக்கு நெடுநாளாகவே புரியாத ஒன்று. ஆயினும், அன்று அவர் மகளின் சொல்லைச் செவிமடுத்தார். இது தனக்கான ஓட்டம் மட்டுமன்று, பெண்கள் விடுதலை பெறுவதற்கும் இது உதவும் என்று மகள் எடுத்துரைத்தார். அச்சொல் தாயின் உள்ளத்தில் தைத்தது. தம் வாழ்நாளில் தாம் கேட்காமலே விட்டுவிட்ட வினா ஒன்றை மகள் கேட்பதாக அவர் உணர்ந்திருக்கலாம். மகளை ஹாப்கின்டனுக்குத் தாமே அழைத்துச் செல்வதாக அவர் இசைந்தார்.

தாய் அளித்த உதவியின் அளவைச் சரியாக மதிப்பிடுதல் வேண்டும். அவர் மகளுக்குப் பயிற்சி அளிக்கவில்லை. பந்தய அலுவலர்களிடம் வாதிடவில்லை. மகள் வெல்வாள் என்ற உறுதியும் அவரிடம் இருந்ததாகக் கூற இயலாது. ஐயம் நீங்கிய பின் உதவியவர் அல்லர் அவர். ஐயத்தை நெஞ்சில் சுமந்துகொண்டே மகிழுந்தின் சாவியைக் கையில் எடுத்தவர். கணவரின் சினத்துக்கு உடன்படாமல் அவர் அன்று எடுத்த முடிவு, அவ்வில்லத்தில் எளியதொன்றாக இருந்திருக்காது.

முந்தைய இரவு கிப் வீட்டில் இறைச்சியும் ஆப்பிள் பை என்னும் இனிப்பும் வயிறு நிறைய உண்டார். நெடுந்தொலைவு ஓட்டத்திற்கு மாவுச்சத்து மிகுந்த எளிய உணவே ஏற்றது என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. உண்ணும் மாவுச்சத்து கிளைக்கோஜனாக மாறித் தசைகளிலும் கல்லீரலிலும் தங்குகிறது. ஓட்டத்தின்போது அதுவே முதன்மையான எரிபொருள். ஏறத்தாழ 30 கிலோமீட்டரைக் கடக்கும் வேளையில் அச்சேமிப்பு பலருக்கும் வற்றத் தொடங்கும். அப்பொழுது கால்கள் கல்லாய்க் கனக்கும்; ஓடுவோர் அதனைச் 'சுவரில் மோதுதல்' என்பர். இவற்றையெல்லாம் கிப்புக்கு எடுத்துரைக்க அன்று ஒருவரும் இலர். ஓடும்போது நீர் அருந்தினால் வயிற்றுப்பிடிப்பு உண்டாகும் என்று நம்பிய அவர், நீரும் பருகாமலே ஓடத் துணிந்தார்.

புதரிலிருந்து சாலைக்கு

1966 ஏப்ரல் 19 அன்று காலையில் தாய் மகிழுந்தை ஓட்ட, மகள் ஹாப்கின்டனைச் சென்றடைந்தார். கறுப்பு நீச்சலுடையின்மேல் தம் உடன்பிறந்தானின் அரைக்காற்சட்டையை அணிந்து, அதைக் கயிற்றால் இறுக்கியிருந்தார். தலையை மறைக்கும் முக்காட்டுடன் கூடிய நீலநிற மேற்சட்டையும் அணிந்திருந்தார். காலில் சிறுவர்களுக்கான புதிய ஓட்டக் காலணி. மகளை இறக்கிவிட்டுத் தாய் திரும்பினார். அதன்பின் கிப் தனியர்.

அவர் தொடக்கக் கோட்டின் அருகே இருந்த புதருக்குள் மறைந்து நின்றார். நண்பகலில் வெடியொலி எழுந்தது, ஓட்டக்காரர்கள் பாய்ந்தனர். விரைந்தோடுவோர் கடந்து செல்லும்வரை காத்திருந்து, ஏறத்தாழப் பாதிப்பேர் சென்றதும் அவர் வெளிப்பட்டுக் கூட்டத்தில் கலந்தார். அவர் நெஞ்சில் வெளியேற்றப்படுவோமோ என்னும் அச்சம் நிறைந்திருந்தது. காவலர் கண்டால் தடுப்பாரோ, உடன் ஓடுவோர் கூச்சலிட்டுக் காட்டிக்கொடுப்பாரோ என அவர் கலங்கினார்.

சிறிது நேரத்திலேயே பின்னால் ஓடிவந்தவர்கள், முன்னே ஓடுவது பெண் என்பதை அறிந்துகொண்டனர். கிப் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் அஞ்சியதற்கு மாறாக, அவர்கள் மகிழ்ந்தனர். தம் வீட்டுப் பெண்களும் இவ்வாறு ஓடினால் நன்றாயிருக்குமே என்றும் பேசிக்கொண்டனர். வெயிலும் ஓட்டமும் சேர்ந்து உடல் சூடேறவே, கனத்த மேற்சட்டையைக் களைய விரும்பினார் கிப். களைந்தால் பெண் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெளியேற்றிவிடுவர் எனத் தம் தயக்கத்தைக் கூறினார். இது பொதுச்சாலை, அவ்வாறு வெளியேற்ற நாங்கள் விடமாட்டோம் என்று அவர்கள் உறுதியளித்தனர். மேற்சட்டை சாலையோரம் வீழ்ந்தது. பெண்ணொருத்தி மறைவின்றிப் பாஸ்டன் சாலையில் ஓடினாள்.

பந்தய விதியை இயற்றியவர்களும் ஆண்கள். அவ்விதியைப் பொருட்படுத்தாது அரணாய் ஓடியவர்களும் ஆண்கள். கிப் தம் வரலாற்றைக் கூறும் இடங்களிலெல்லாம் இந்த ஓட்டக்காரர்களை நன்றியுடன் குறிப்பிடத் தவறுவதில்லை. வீட்டின் துணை ஹாப்கின்டனோடு நின்றுவிட்டது. அவ்விடத்திலிருந்து முகமறியாதார் அத்துணையைத் தொடர்ந்தனர்.

பெண் ஒருத்தி ஓடிவருகிறாள் என்னும் செய்தி வானொலி வாயிலாகவும் வாய்மொழியாகவும் அவருக்கு முன்னே ஓடியது. பாதித்தொலைவில் வெல்லஸ்லி மகளிர் கல்லூரி அமைந்துள்ளது. அக்கல்லூரி மாணவியர் சாலையோரம் திரண்டு ஓடுவோரை வாழ்த்திக் கூவுவது பாஸ்டன் மாரத்தானின் நெடுநாள் மரபு. அன்று அவர்கள் ஒவ்வோர் ஆணின் முகமாகத் தேடிக்கொண்டிருந்தனர். கிப்பைக் கண்டதும் எழுந்த ஆரவாரம் ஓட்டப்பாதையையே அதிரச் செய்தது. சிலர் துள்ளினர், சிலர் அழுதனர். அக்கல்லூரியின் மாணவியாக அன்று அங்கு நின்ற டயானா சாப்மன் வால்ஷ், பிற்காலத்தில் அக்கல்லூரிக்கே தலைவரானார். அந்நாளை அவர் மறக்கவில்லை.

வெல்லஸ்லியைக் கடந்ததும் நியூட்டன் என்னும் ஊரின் மேடுகள் எதிர்ப்படும். அவற்றுள் இறுதியாக வருவது 'நெஞ்சுடைக்கும் மேடு' எனப் பொருள்படும் பெயருடையது. அதன் உயரம் பெரிதன்று; அது வரும் இடமே கொடிது. உடலின் எரிபொருள் வற்றும் 20 மைல் எல்லைக்கு அப்பால் அது நிற்கிறது. கிப் அம்மேட்டைக் கடந்தார். எனினும், இறுதி மைல்கள் அவரை வாட்டின. பழகாத புதுக் காலணி பாதங்களைக் கொப்புளமாக்கியது. நீரின்றி உடல் வறண்டது. அதுவரை மூன்று மணி நேரத்திற்குள் முடிக்கும் விரைவில் ஓடியவர், ஒவ்வோர் அடியையும் ஊன்ற அஞ்சி விரைவைக் குறைத்தார். இடையில் நின்றுவிட்டால், பெண்களால் இயலாது என்போருக்குத் தாமே சான்றாகிவிடுவோம் என்ற எண்ணம் அவரை உந்தியது.

3 மணி 21 நிமிடம் 40 நொடியில் அவர் இறுதிக்கோட்டைக் கடந்தார். அன்று முதலிடம் பெற்றவர் ஜப்பானைச் சேர்ந்த கென்ஜி கிமிஹாரா. அவருடைய நேரம் 2 மணி 17 நிமிடம் 11 நொடி. ஓடிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கிப்புக்குப் பின்னரே வந்தனர். மாநில ஆளுநர் ஜான் வோல்ப்பி அவருடைய கையைப் பற்றிக் குலுக்கினார். இதழாளர்கள் சூழ்ந்தனர். ஓட்டக்காரர்களுக்கு மரபாக வழங்கப்படும் இறைச்சிக் குழம்பு உணவுக்கு உடன் ஓடியவர்கள் அவரை அழைத்தனர். ஆனால், அவ்வறைக்குள் பெண்களுக்கு இடமில்லை எனக் கதவு மூடப்பட்டது. 26 மைல் சாலை திறந்த பின்னும் ஓர் அறைக்கதவு திறக்கவில்லை.

கிப் வாடகை மகிழுந்தில் வீடு திரும்பினார். வீட்டுத்தெருவில் இதழாளர்களின் வண்டிகள் நிறைந்திருந்தன. காலையில் கலங்கியிருந்த இல்லம் மாலையில் மகிழ்ச்சியால் நிறைந்தது. மகள் உயிரோடும் நலத்தோடும் முன்னே நின்றதைவிட வலிமையான விடையை எந்த வாதமும் தந்தைக்கு அளித்திருக்க இயலாது. மறுநாள் செய்தித்தாளின் தலைப்பு அவரைப் பாஸ்டன் நகரின் மணமகள் என்று அழைத்தது. அடுக்களையில் அவர் இனிப்புச் செய்வது போன்ற ஒளிப்படத்தையும் இதழாளர்கள் எடுத்தனர். ஓடிய பெண்ணையும் அடுப்பருகே நிறுத்திப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிறைவு போலும்!

பின்வந்தோர்

பந்தய இயக்குநர் தம் கருத்தை எளிதில் மாற்றிக்கொள்ளவில்லை. போட்டி நடந்த அதே சாலையில் அதே நேரத்தில் ஒரு பெண் ஓடினார் அவ்வளவே. அவர் பந்தயத்தில் ஓடியதாகாது என்பது அவர் தந்த விளக்கம். கிப் 1967, 1968 ஆகிய ஆண்டுகளிலும் பதிவெண் இன்றியே ஓடி, பெண்களில் முதலாவதாக வந்தார். 1967இல் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவெண் பெற்ற கேத்ரின் ஸ்விட்சரும் ஓடினார். பந்தய அலுவலர் ஒருவர் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. அந்நிகழ்வு நடந்த அதே நாளில் கிப் அவருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடி முடித்திருந்தார் என்பதைப் பலர் அறியார். ஒளிப்படம் இருக்கும் வரலாறே ஊருக்குத் தெரிந்த வரலாறாகிறது.

1972ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் பெண்களை முறையாக ஏற்றது. நீனா குசிக் அவ்வாண்டு வென்றார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் முதன்முறையாக நடைபெற்றது. அதற்கான அமெரிக்கத் தேர்வு ஓட்டத்தில் வென்றோர்க்கு வழங்கப்பட்டவை, ஓடும் பெண்ணின் சிறிய வெண்கல உருவங்கள். அவற்றை வடித்தவர் சிற்பியாகவும் விளங்கிய பாபி கிப்பே. தேர்வில் முதலிடம் பெற்று அவ்வுருவத்தைக் கைக்கொண்ட ஜோன் பெனாய்ட், அவ்வாண்டு ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார்.

கிப்பின் மூன்று வெற்றிகளையும் பாஸ்டன் தடகளக் கழகம் 1996ஆம் ஆண்டு முறையாக ஏற்றுப் பதக்கம் அளித்தது. முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஏற்பு அது. அதற்குள் கிப் அறிவியல் பயின்று, சட்டப் பட்டமும் பெற்று, ஓவியமும் சிற்பமும் படைத்து வேறு பல பாதைகளைக் கடந்திருந்தார்.

2016ஆம் ஆண்டு, அவருடைய முதல் ஓட்டத்தின் பொன்விழா. கிப் விழாத் தலைவராக அழைக்கப்பட்டார். அவ்வாண்டு பெண்கள் பிரிவில் வென்றவர் எத்தியோப்பியாவைச் சேர்ந்த அட்செடே பைசா. தம் வெற்றிக்கோப்பையை அவர் கிப்பிடமே அளித்தார். ஓராண்டு மட்டும் வைத்திருந்து, மறு ஆண்டு எத்தியோப்பியா சென்று திருப்பித் தருவதாகக் கூறிக் கிப் அதனைப் பெற்றுக்கொண்டார்.

ஹாப்கின்டனில் இன்று ஓடும் பெண்ணொருத்தியின் வெண்கலச் சிலை நிற்கிறது. 2021ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட அச்சிலைக்கு 'ஓடிய பெண்' என்பது பெயர். அதனைக் கிப் தம் கைகளாலேயே வடித்தார். நீச்சலுடையும் உடன்பிறந்தானின் அரைக்காற்சட்டையும் அணிந்த இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் வடிவம் அது.

கற்பவை கற்றபின்...

1. மகளின் ஓட்டத்தைத் தந்தை எதிர்த்ததற்கும் தாய் துணைநின்றதற்கும் உரிய காரணங்களைப் பாடத்தின்வழி ஒப்பிட்டு, வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ நெடுந்தொலைவு ஓட்டத்தில் பங்கேற்ற மாணவி ஒருவரையும் அவர்தம் வீட்டாரையும் சந்தித்து, ஓட்டத்திற்கு முந்தைய நாளில் அவ்வில்லத்தில் நிகழ்ந்தவற்றைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

3. மகளை ஹாப்கின்டனில் இறக்கிவிட்டுத் தனியே வீடு திரும்பும் தாயின் எண்ணங்களை ஒரு பக்க அளவில் நாட்குறிப்பாக எழுதுக.